டீச்சரிடம் கேளுங்கள்: என் மகன் முன்னேறுகிறானா?

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகன் இங்கே மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் 4ஆம் ஆண்டு படிக்கிறான். கணிதத்தில் தேர்ச்சி நிலை 4 என்று தாள் வந்திருக்கிறது, போன வருடமும் 4தான். ஹூஸ்டனில் என் அண்ணன் மகளுக்கும் இதே வயது. அவள் படிக்கும் சார்ட்டர் பள்ளியில் (அரசுப் பணத்தில் தனி அமைப்பு நடத்தும் பள்ளி) வருடத்துக்கு மூன்று தடவை மேப் என்ற சோதனை வைத்து, கணிதத்தில் 188, 195, 201 என்று எண் போட்டு அனுப்புகிறார்கள். அண்ணி அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. என் மகன் ஒரு வருடமாக ஏறவே இல்லையா? – ஒரு தாய், செந்தூல்

பதில்: தங்கச்சி, முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். போன வருடத்து 4 மூன்றாம் ஆண்டுப் பாடத்துக்குக் கொடுத்தது, இந்த வருடத்து 4 நான்காம் ஆண்டுப் பாடத்துக்குக் கொடுத்தது. பாடம் கனத்துப் போயும் பையன் அதே நிலையைப் பிடித்து வைத்திருக்கிறான், அதனால் நின்றுவிட்டான் என்று சொல்லவே முடியாது. ஆனால் எவ்வளவு தூரம் ஏறினான் என்று அந்த ஓர் எண்ணிலிருந்து தெரியாது, 1 முதல் 6 வரை ஆறே படிகள், ஒவ்வொன்றும் அகலமான படி.

அண்ணன் மகள் எழுதும் சோதனை வேறு மாதிரி. கணினியில் சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும், தவறினால் சுலபமாக வரும். எல்லா வகுப்புக்கும் ஒரே அளவுகோல், அதனால் போன வருடத்து எண்ணையும் இந்த வருடத்து எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2020இல் வெளியான சராசரிப்படி அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200இல் இருக்கிறார்கள், முடிவதற்குள் சுமார் 11 புள்ளி ஏறுகிறார்கள். உங்கள் அண்ணன் மகள் அதற்குக் கீழே தொடங்கி 13 புள்ளி ஏறியிருக்கிறாள்! அண்ணி சந்தோஷப்படுவதில் நியாயம் இருக்கிறது. எங்கே நிற்கிறாள், எவ்வளவு ஏறினாள் என்ற இரண்டையும் அவர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், நாம் முதலாவதையே பார்த்துப் பழகிவிட்டோம்.

இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு இருந்த காலத்தில் (2021இல் அதை ரத்து செய்தார்கள்) நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எத்தனை ‘ஏ’ என்பதுதான் பேச்சு. வருடத் தொடக்கத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த ஒரு பையன் வருடக் கடைசியில் ஒரு பக்கக் கதையை நிறுத்தாமல் வாசித்தான், தேர்வில் ‘டி’ வாங்கினான், அவனைக் கூப்பிட்டு ஒருவரும் பாராட்டவில்லை. அன்றைக்கு நானும் சும்மா இருந்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? கடையில் 555 என்ற சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். மாதம் ஒரு நாள், பையன் களைப்பாக இல்லாத நேரத்தில், அவன் இதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து, தவறிய சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, சரியாக வாசித்த சொற்களை எண்ணி, தேதியோடு எழுதி வையுங்கள். அமெரிக்கப் பள்ளிகளிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் அவர்களுடைய ஆங்கில எண்ணோடு நம் பிள்ளையின் தமிழ் எண்ணை ஒப்பிடாதீர்கள். ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று. அவனுடைய போன மாதத்து எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள், பத்தியின் கடினமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். கணிதத்துக்கு, தவணைத் தொடக்கத்தில் செய்த வகுத்தல் கணக்குத் தாளை எறியாமல் வைத்திருந்து, மூன்று மாதம் கழித்து எண்களை மட்டும் மாற்றிக் கொடுங்கள். அப்புறம் அந்த நோட்டை வகுப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் சந்தோஷமாகப் பார்ப்பார்.

கேள்வி: சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகள் 40 நாள் அதிகம் படித்துவிடுகிறார்கள் என்கிறார்கள். நம்பலாமா டீச்சர்? – ஒரு தந்தை, பட்டர்வொர்த்

பதில்: அண்ணன், அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரேடோ மையம் 2015இல் நகர்ப்புறச் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு: கணிதத்தில் 40 நாள், வாசிப்பில் 28 நாள். பிள்ளைகள் கூடுதலாகப் பள்ளிக்குப் போன நாள் இல்லை, தேர்வு மதிப்பெண் வித்தியாசத்தை நாள் கணக்காக மாற்றிச் சொன்னது. பக்கத்து அரசுப் பள்ளியில் அதே வகுப்பு, அதே பழைய மதிப்பெண், அதே குடும்ப நிலை உள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள், அது நல்ல முறைதான். நகர்ப்புறம் என்று பிரிக்காமல் நாடு முழுக்கப் பார்த்து 2023இல் அதே மையம் சொன்னது வாசிப்பில் 16, கணிதத்தில் 6 நாள்தான். ஆக, சராசரி எண்ணை வைத்து ஒரு தனிப் பள்ளியை எடைபோட முடியாது. ஒரு பள்ளிக் குழுமம் தன் எண்ணைக் காட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள்: விண்ணப்பம் அதிகமானால் போடும் குலுக்கலில் இடம் கிடைக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டீர்களா? நடுவில் விலகிப் போன பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்தீர்களா? பலவீனமான பிள்ளைகள் விலகிவிட்டால், யாருமே முன்னேறாவிட்டாலும் சராசரி தானாக ஏறும். இங்கே பினாங்கில் டியூஷன் சென்டர் விளம்பரத்தைப் பார்க்கும்போதும் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்.

கேள்வி: மகளுக்கு மலாய் மொழியில் நிலை 3. பெயிலா? – வாசகி, கிள்ளான் சாலை

பதில்: இல்லவே இல்லை. 3 என்பது எட்ட வேண்டிய குறைந்தபட்ச நிலை, அதை எட்டிவிட்டாள். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து இவற்றில் எது இழுக்கிறது என்று மட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள், டியூஷன் சேர்ப்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.