வாயால் சொன்னது போதும், எழுதிக் கொடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஒரு தடவை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித் தடுமாறுகிறான். ஆசிரியை ‘கவனம் போதாது’ என்கிறார். கணவரோ, ‘நானும் சின்ன வயதில் இப்படித்தான், தானாகச் சரியாகிவிடும்’ என்கிறார். சிறப்புக் கல்வி வேண்டும் என்று பள்ளியில் கேட்கலாமா? கேட்டால் பையன்மேல் முத்திரை விழுந்துவிடுமோ?
(பெயர் வேண்டாம்)

பதில்: தாராளமாகக் கேளுங்கள். உங்கள் கணவர் தெரியாமலேயே ஒரு முக்கியமான தகவலைச் சொல்லியிருக்கிறார். வாசிப்புச் சிரமம் குடும்பவழியில் வருவதுண்டு. ‘நானும் அப்படித்தான்’ என்றால் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

பேச்சில் சுட்டி, படிப்பதில் திணறல் என்பது புதிதல்ல. பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896லேயே இப்படியொரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர். இன்று அதை டிஸ்லெக்ஸியா என்கிறோம். உங்கள் மகனுக்கும் அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. நீங்களும் பெயர் சூட்ட வேண்டாம்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் தலைமை ஆசிரியருக்குத் தேதி போட்டு ஒரு கடிதம். பள்ளி வாசலில் ஆசிரியையிடம் சொன்ன கவலை அங்கேயே காற்றோடு போய்விடும். எழுத்தில் இருந்தால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ‘படிப்பில் வீக்’ என்று எழுதாதீர்கள். கண்ணால் கண்டதை எழுதுங்கள்: காலையில் படித்த சொல்லை மாலையில் புதிதாகப் பார்க்கிறான், ‘கொ’வில் கொம்பு எங்கே, கால் எங்கே என்று இன்னும் குழம்புகிறான், அரைமணி நேர வீட்டுப்பாடம் இரண்டு மணி நேரம் இழுக்கிறது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வந்தாலே போதும். கடைசியில், ‘சிறப்புக் கல்வி தேவையா என்று அறிய முழு மதிப்பீடு செய்யக் கோருகிறேன்’ என்று ஒரே வரியில் கேளுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

‘அடுத்த பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்’ என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வார்கள் என்று அதையும் எழுத்தில் வாங்குங்கள். பள்ளியில் வசதி இல்லையென்றால் குழந்தை நல மருத்துவரிடம் கேட்டால், குழந்தைகளைச் சோதிக்கும் உளவியலாளரிடம் அனுப்புவார். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்றால் இரண்டிலும் சோதிக்கச் சொல்லுங்கள். பள்ளி மொழி பழகாததால் வரும் தடுமாற்றமும் இதுவும் வேறு வேறு.

ரிப்போர்ட்டில் எண்கள் நிறைய இருக்கும், மிரள வேண்டாம். ‘நாளை முதல் வகுப்பில் என்ன மாறும்?’ என்று கேளுங்கள். யார் சொல்லித் தருவார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எதை எட்ட வேண்டும், எப்போது திரும்பப் பார்ப்பது, எல்லாம் பள்ளி அவனுக்காகப் போடும் கற்பித்தல் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். ‘வாசிப்பு மேம்படும்’ என்பதெல்லாம் இலக்கே இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் தந்து முடித்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. அந்த நேரம் நல்லதுதான், ஆனால் அது வாசிக்கக் கற்றுத் தராது. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கத் தெரிந்த சிறப்பாசிரியரையும் கேட்டு வாங்குங்கள்.

முத்திரை விஷயம். எட்டு வயதுப் பையன், பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் மளமளவென்று படிப்பதைத் தினமும் பார்க்கிறான். இந்நேரம் தனக்குத் தானே ‘மக்கு’ என்று ஒரு பெயர் வைத்திருப்பான் என்பதுதான் என் பயம்.

மதிப்பீட்டுக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். சின்ன வயதில் படிக்கப் பட்ட பாட்டை அங்கே அவரே சொல்லட்டும். அதற்கு முந்தின இரவு, மகனிடமும்.