லேப்டாப்பில் ஓடுகிறது, லேபில் ஓடவில்லை: ஜிசிசி ரன்டைம் லைப்ரரி கேள்வி பதில்

பாளையங்கோட்டை மாணவர்: அண்ணாச்சி, என் லேப்டாப்பில் உபுண்டு 24.04. அதில் கம்பைல் செய்த சி++ புரோகிராமை பென் டிரைவில் கொண்டுபோய் காலேஜ் லேபில் ஓட்டினால் 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.32 இல்லை' என்று நின்றுவிடுகிறது. அங்கே 22.04. லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6 ஃபைல் இருக்கத்தான் செய்கிறது, பிறகு ஏன்?

ஃபைல் இருக்கிறது தம்பி, ஆனால் பழையது. அது ஜிசிசி கம்பைலரோடு வரும் சி++ லைப்ரரி, புரோகிராம் ஓடும்போது தேவைப்படுவது. 2004-இல் ஜிசிசி 3.4 வந்ததிலிருந்து அந்த '.எஸ்ஓ.6' பெயர் மாறவே இல்லை. கதவு எண்ணை மாற்றாமல் மேலே மேலே மாடி எழுப்பிக்கொண்டே போகிற வீடு மாதிரி, பெயர் அதே, உள்ளே புதுப்புது சிம்பல் (ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்) பதிப்புகள் 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்' என்ற முத்திரையோடு சேர்ந்துகொண்டே இருக்கும். 3.4.32 என்பது ஜிசிசி 13.2-இல் எழுப்பிய மாடி. லேபில் அந்த ஃபைல் மேல், உள்ளிருக்கும் எழுத்துகளைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டி, ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் என்று கிரெப் கட்டளையால் தேடிப் பார், வரிசை 3.4.30-இல் முடிந்துவிடும்.

லிங்க் செய்யும்போது '-ஸ்டாடிக்-லிப்எஸ்டிடிசி++', '-ஸ்டாடிக்-லிப்ஜிசிசி' இரண்டையும் சேர்த்தால் அந்த லைப்ரரிகள் புரோகிராமுக்குள்ளேயே வந்துவிடும், இந்தப் பிழை போகும். ஆனால் அடுத்து 'ஜிலிப்சி_2.38 இல்லை' என்று வரலாம். அது சி லைப்ரரி, 22.04-இல் இருப்பது 2.35, அதற்கு இந்த ஆப்ஷன்கள் உதவாது. லேப் மெஷினிலேயே கம்பைல் செய், இல்லை என்றால் 22.04 கன்டெய்னருக்குள் (உன் லேப்டாப்பிலேயே தனியாக ஓடும் 22.04 சூழல்) செய். எங்கே ஓட வேண்டுமோ அவற்றில் மிகப் பழைய சிஸ்டத்தில் கட்டுவதுதான் சரி.

தென்காசியிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, புது ஜிசிசியை ஹோம் ஃபோல்டரில் போட்டேன். லிங்க் பிழையில்லாமல் முடிகிறது, ஓட்டினால் சிஸ்டத்தின் பழைய லைப்ரரியைத்தான் எடுக்கிறது.

லிங்க் செய்கிறவர் வேறு, ஓடும்போது தேடுகிறவர் வேறும்மா. கம்பைலருக்குத் தன் லைப்ரரி எங்கே என்று தெரியும், புரோகிராமை ஓடவைக்கும்போது லைப்ரரிகளைத் தேடித் தரும் லோடருக்கு யாரும் சொல்லவில்லை. முதலில், எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் எல்டிடி கட்டளையைப் போட்டு எந்தப் பாதையைக் காட்டுகிறது என்று பார். லோடர் தேட வேண்டிய இடத்தைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் வேரியபிளை வைத்தால் ஓடும், ஆனால் அந்த டெர்மினலில் ஓடும் மற்ற புரோகிராம்களையும் அது இழுத்துவிடும், சோதனைக்கு மட்டும் வை. நிரந்தரமாக வேண்டும் என்றால் லைப்ரரியைப் புரோகிராமின் பக்கத்திலேயே வைத்து, ஆர்பாத்தில் (புரோகிராமுக்குள்ளேயே பதியும் தேடும் பாதை) '$ஆரிஜின்', அதாவது புரோகிராம் இருக்கும் ஃபோல்டர், என்று கொடு. மேக் கட்டளைக்கான மேக்ஃபைலில் எழுதினால் டாலர் குறியை இரண்டு முறை போட்டு, சிங்கிள் கோட்ஸுக்குள் வை. ஒரு டாலர் மட்டும் போட்டால் மேக் அதை வேரியபிள் என்று நினைத்து விழுங்கிவிடும், நீ ராத்திரி முழுக்கத் தேடுவாய். ரீட்எல்ஃப் '-டி' கட்டளை போட்டால் புரோகிராமில் உண்மையில் எந்தப் பாதை பதிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வள்ளியூர்: லைப்ரரி இருக்கிறது, ஆனாலும் 'எஸ்டிடி::__சிஎக்ஸ்எக்ஸ்11' என்று தொடங்கும் பெயர்களுக்கெல்லாம் லிங்க் செய்யும்போது 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (பெயர் கிடைக்கவில்லை) பிழை வருகிறது.

2015-இல் ஜிசிசி 5 வந்தபோது ஸ்ட்ரிங், லிஸ்ட் இரண்டின் உள்ளமைப்பும் மாறியது. உங்கள் கோட் புதிய முறையில், அந்த லைப்ரரி பழைய முறையில் கட்டியது. லைப்ரரியின் சோர்ஸ் இருந்தால் மறுபடி கம்பைல் செய்யுங்கள். இல்லை என்றால் '_ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_யூஸ்_சிஎக்ஸ்எக்ஸ்11_ஏபிஐ' மேக்ரோவை 0 ஆக்கி உங்கள் கோட் முழுவதையும் கட்டுங்கள், பாதிப் பாதியாக வேண்டாம்.

அம்பாசமுத்திரம்: பழைய ஃபோர்ட்ரான் புரோகிராம் லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.3 கேட்கிறது. என்னிடம் .5 இருக்கிறது. அதற்கு .3 என்று சிம்லிங்க் (அதே ஃபைலைச் சுட்டும் இன்னொரு பெயர்) போட்டால் போதுமா?

வேண்டாம் அண்ணாச்சி. இங்கே எண் மாறியதே, உள்ளே ஒத்துப்போகாது என்று சொல்லத்தான். நானே ஒருமுறை சி லைப்ரரியின் சிம்லிங்க்கைக் கையால் மாற்றிவிட்டு, ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளை கூட ஓடாமல் லைவ் யுஎஸ்பி போட்டு மீட்டேன். சோர்ஸ் இருந்தால் இன்றைய ஜிஃபோர்ட்ரானில் திரும்பக் கட்டுங்கள்.