110 நாள் கதை இலாகா: எரிக் பிஷாஃப் பற்றிக் கேட்டீர்கள்

போன வாரம் பேச்சுவாக்கில் “பிஷாஃப் ஸ்மாக்டவுனை நடத்திய 110 நாள்” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனேன். (ஸ்மாக்டவுன், ரா இரண்டும் அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.இயின் வாராந்திர டிவி நிகழ்ச்சிகள்.) யார் அவர், எப்போது நடத்தினார், ஏன் 110 நாள் என்று கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ‘ரெஸ்லிங் நிஜமா, டூப்பா’ என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

அண்ணே, பிஷாஃப் என்றால் டென் ஸ்போர்ட்ஸில் ரா ஓடும்போது லெதர் ஜாக்கெட்டோடு சிரித்துக்கொண்டே வருவாரே, அந்த ஜெனரல் மேனேஜரா?

அவரேதான் தம்பி. 2002 ஜூலையிலிருந்து 2005 டிசம்பர் வரை திரையில் அவர்தான் ராவின் ஜெனரல் மேனேஜர். ஆனால் அது வேஷம். மேட்ச் அறிவிப்பார், ஆளை வேலையை விட்டுத் தூக்குவார், கடைசியில் அடி வாங்குவார். எல்லாம் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. 2019ல் நிலைமை தலைகீழ். கேமரா முன்னால் வர வேண்டியதில்லை, எழுத்துப் பக்கம் உட்கார வேண்டும் என்று கூப்பிட்டார்கள்.

2019ல் அவருக்குக் கொடுத்த பதவி சரியாக என்ன?

எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர். 2019 ஜூன் 27 அன்று டபிள்யூ.டபிள்யூ.இ இரண்டு பேரை அறிவித்தது: ராவுக்குப் பால் ஹேமன், ஸ்மாக்டவுனுக்கு எரிக் பிஷாஃப். கதைப் பொறுப்பு அவரவர் நிகழ்ச்சிக்கு அவரவர். இரண்டு பேரும் நேரடியாகக் கம்பெனியின் அப்போதைய தலைவர் வின்ஸ் மெக்மஹனிடம் பதில் சொல்ல வேண்டும் என்றும் அந்த அறிவிப்பில் இருந்தது. எல்லோரும் பெயர்களைப் பார்த்துக் குதித்தோம், இந்தப் பகுதியைச் சரியாகப் படிக்கவில்லை.

அப்போதைய அவசரமும் புரிய வேண்டும். ஸ்மாக்டவுன் அதுவரை யூ.எஸ்.ஏ கேபிள் சேனலில் செவ்வாய்க்கிழமை. அக்டோபரிலிருந்து ஃபாக்ஸில், வெள்ளிக்கிழமை. ஐந்து வருடத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். ஃபாக்ஸ் அங்கே வீட்டு ஆன்டெனாவிலேயே கிடைக்கிற பெரிய நெட்வொர்க். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகும்போது தொலைக்காட்சி நிர்வாகிகளிடம் அவர்கள் பாஷையிலேயே பேசத் தெரிந்த ஆள் தேவை. பிஷாஃப் அந்த ரகம். வயோமிங்கிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு, கம்பெனி தலைமையகம் இருக்கும் கனெக்டிகட்டுக்கு வந்து சேர்ந்தார்.

தம்பி, நான் ரிட்டயர்ட் ஆசாமி. 90களில் வின்ஸையே மண்ணைக் கவ்வ வைத்தவர் இவர்தானே? அவ்வளவு தெரிந்தவருக்கு இது ஏன் வரவில்லை?

ஐயா, நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டபிள்யூ.சி.டபிள்யூ என்கிற போட்டிக் கம்பெனி டிவி அதிபர் டெட் டர்னருடையது. பிஷாஃப் 1991ல் அங்கே மைக் பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தார், அதுவும் கடைசி வரிசையில். 1993ல் எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர். 1995ல் ஒரு மீட்டிங்கில் “வின்ஸோடு போட்டி போட என்ன வேண்டும்?” என்று டர்னர் கேட்டாராம். யோசிக்காமல் “பிரைம் டைம்” என்றிருக்கிறார் இவர். டர்னர் அந்த இடத்திலேயே டி.என்.டி சேனலில் திங்கட்கிழமை இரவைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இது பிஷாஃப் பல தடவை சொன்ன கதை. ராவுக்கு நேர் எதிரே நைட்ரோ என்ற நிகழ்ச்சி வந்தது அப்படித்தான், 1995 செப்டம்பர் 4, மின்னசோட்டாவில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள். அடுத்த வருடம் ஜூலையில் ஹல்க் ஹோகனை வில்லனாக்கி என்.டபிள்யூ.ஓ என்ற வில்லன் கூட்டணி. அப்புறம் தொடர்ந்து 83 வாரம் ரேட்டிங்கில் ராவை மிஞ்சினார்கள். அவருடைய பாட்காஸ்டின் பெயரே ‘83 வீக்ஸ்’.

அங்கே அவர் யார் என்று பாருங்கள். பணம் டர்னருடையது, சேனல் டர்னருடையது, ரிங்குக்குள் என்ன நடக்கும் என்பதில் கடைசி வார்த்தை பிஷாஃபுடையது. வசனம் எழுதுகிற ஆள் அல்ல அவர். யாரை வாங்குவது, எந்த ஸ்லாட்டில் போடுவது, எதிராளி எங்கே பலவீனம் என்று கணக்குப் போடுகிற ஆள். 2019ல் அவரைக் கூப்பிட்டது அந்தக் கணக்குக்காக. உட்கார வைத்தது கதை டிஸ்கஷன் ரூமில். கல்யாண கான்ட்ராக்டரைக் கூட்டி வந்து ரசத்துக்குப் புளி கரைக்கச் சொன்ன மாதிரி.

கதை இலாகா அங்கே எப்படி வேலை செய்யும்? ஸ்கிரிப்ட் எழுதினால் அதுதானே ஒளிபரப்பாகும்?

அப்படி நினைத்துத்தான் நானும் ஒரு காலத்தில் மெகா சீரியல் ஒன்றின் டிஸ்கஷனுக்குப் போனேன். ஆறு வாரம். எந்த சேனல் என்று கேட்காதீர்கள். இரண்டு நாள் உட்கார்ந்து மருமகள் வீட்டை விட்டுப் போகிற மாதிரி எழுதுவோம். ஷூட்டிங் அன்று காலை ஏழு மணிக்கு ஒரு போன் வரும்: “போக வேண்டாம், மாமியாருக்கு நெஞ்சு வலி.” அவ்வளவுதான். மானிட்டர் பக்கத்தில் நின்று முழங்கால் மேல் பேப்பரை வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறாவது வார முடிவில் எனக்குப் போன் வருவது நின்றுவிட்டது. அதுதான் என் பணிநீக்க ஆணை.

டபிள்யூ.டபிள்யூ.இயில் வின்ஸ் காலத்து நடைமுறையும் இதேதான், பட்ஜெட் மட்டும் வேறு. எழுத்தாளர் குழு வாரம் முழுக்கக் கதையைக் கட்டும். தலைமை எழுத்தாளர் வழியாக அது வின்ஸிடம் போகும். ஒளிபரப்பு அன்று எல்லோரும் அரங்கில் இருப்பார்கள், மதியம் மீட்டிங், அங்கே பாதி கிழியும். ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு புரொட்யூசர் உண்டு, பெரும்பாலும் பழைய மல்லர். எத்தனை நிமிடம், எந்த அடியில் முடிவு என்று வீரர்களோடு பேசி வைப்பார். நிகழ்ச்சி தொடங்கியதும் நுழைவாயில் திரைக்குப் பின்னால் இருக்கும் மேஜையில் வின்ஸ் ஹெட்செட்டோடு உட்காருவார். கொரில்லா மான்சூன் அங்கேயே நின்றிருப்பார் என்பதால் அந்த இடத்துக்கு ‘கொரில்லா’ என்றே பெயர். வர்ணனையாளர் காதில் பேசுவது, மேட்சைச் சுருக்கச் சொல்வது, ஷோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பகுதியை மாற்றுவது எல்லாம் அங்கிருந்துதான்.

இதில் எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர் எங்கே வருகிறார்? கீழே எழுத்தாளர் குழு, மேலே வின்ஸ், இடையில் இவர். பேனாவைத் திறந்து கொடுக்கலாம், மூடி மட்டும் வின்ஸ் கையில்.

அவர் இருந்த காலத்தில் ஸ்மாக்டவுனில் என்ன கதை ஓடியது?

ரோமன் ரெய்ன்ஸ் மேல் சாரம் விழுந்த கதை. ஜூலை 30 எபிசோட். மேடைக்குப் பின்னால் பேட்டி கொடுக்க நடந்து வருகிறார், மேலிருந்து இரும்புச் சட்டங்களும் சாமான்களும் சரிகின்றன. விபத்தா, யாராவது தள்ளினார்களா? அடுத்த வாரம் ராவில் அவர் காரை இன்னொரு கார் வந்து மோதியது. நல்ல துப்பறியும் தொடக்கம், எனக்கு உண்மையிலேயே பிடித்தது. சந்தேகம் டேனியல் பிரையனின் கூட்டாளி எரிக் ரோவன் பக்கம் போனது. உடனே பிரையன் என்ன செய்தார் தெரியுமா? ரோவன் மாதிரியே வழுக்கைத் தலையும் தாடியும் வைத்த இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி “இவன்தான் குற்றவாளி” என்றார்! இரட்டை வேட டெக்னிக். அப்புறம் ரோவன்தான் என்று ஆகி, மேட்ச் நடந்து, அக்டோபரில் பிரையனும் ரெய்ன்ஸும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முதல் மூன்று வாரம் ஒருவர் கையெழுத்து, அடுத்த மூன்று வாரம் இன்னொருவர் கையெழுத்து என்று பார்க்கும்போதே தெரிந்தது.

கோஃபி கிங்ஸ்டனைப் பத்து விநாடியில் தோற்கடித்தார்களே, அந்தப் பாவம் யாருக்கு? எனக்கு இன்னும் ஆறவில்லை அண்ணா.

எனக்கும்தான் அம்மா வயிறு எரிந்தது. பதினோரு வருட உழைப்புக்குப் பிறகு ரெஸில்மேனியா 35ல், அதாவது அந்த வருடத்துப் பெரிய திருவிழாவில், பட்டம் வாங்கினவர். 2019 அக்டோபர் 4, ஃபாக்ஸில் முதல் நாள், லாஸ் ஏஞ்சலிஸில் பிராக் லெஸ்னர் பத்து விநாடிக்குள் முடித்துவிட்டார். உடனே யூ.எஃப்.சி என்கிற நிஜ சண்டைப் போட்டியிலிருந்து கெய்ன் வெலாஸ்கஸ் வந்து லெஸ்னரோடு மோத, கோஃபி அரங்கத்தில் இருந்தாரா என்பதே மறந்துபோனது.

இந்தப் பாவத்தை பிஷாஃப் கணக்கில் எழுதாதீர்கள். லெஸ்னர், யூ.எஃப்.சி ஆள், புது நெட்வொர்க், இந்த அளவு பெரிய முடிவு அப்போது ஒரே ஒரு மேஜையில்தான் எடுக்கப்படும். அன்றைக்குச் சுமார் 39 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் 29 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பிறகு ஏன் தூக்கினார்கள்?

தேதிகளைப் பாருங்கள். ஃபாக்ஸில் முதல் எபிசோட் அக்டோபர் 4. இரண்டாவது அக்டோபர் 11. பிஷாஃப் வெளியேறிய அறிவிப்பு அக்டோபர் 15. ஜூன் 27லிருந்து எண்ணினால் அதுதான் 110 நாள். எந்த வேலைக்காக வரவழைத்தார்களோ அது தொடங்கி பதினோரே நாள். இரண்டு எபிசோடை வைத்து ஒருவரின் கற்பனைத் திறனை யாரும் அளக்க முடியாது. ஆகவே எழுத்து மோசம் என்று அனுப்பினார்கள் என்பதை நான் நம்பவில்லை.

என் கணிப்பு இது: பெரிய திறப்பு விழாவுக்குப் பெரிய பெயர் தேவைப்பட்டது, விழா முடிந்தது. கூடவே பிஷாஃப் பக்கமும் குறை உண்டு. அந்தக் கம்பெனியில் வின்ஸின் கோபம், மௌனம், புருவம் எல்லாம் படிக்கத் தெரிய வேண்டும். அது வருடக்கணக்கில் கூடவே சுற்றியவர்களுக்கு வரும் கலை. 64 வயதில், ஒரு கம்பெனியையே தலைமை ஏற்று நடத்தியவர், புதிதாக அதைக் கற்றுக்கொள்ள நான்கு மாதம் போதாது.

ஹேமன் மட்டும் ஒரு வருடம் தாக்குப்பிடித்தாரே?

2020 ஜூன் வரை. அவர் பாணி வேறு. கையில் ஒரு பட்டியலோடு வருவார்: இந்த நாலைந்து பேரை வளர்க்கிறேன், மற்றதில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ட்ரூ மெக்இன்டயர் அப்படி வளர்ந்தவர். ராயல் ரம்பிள் போட்டியில் ஜெயித்து, ஏப்ரல் 2020ல் ஆளே இல்லாத ஹாலில் லெஸ்னரை வென்றார். கொரோனாவில் ரேட்டிங் சரிந்தது, ஹேமனும் போனார்.

ஹேமனுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 2002ல் ஸ்மாக்டவுனின் தலைமை எழுத்தாளர் அவர்தான். ஆங்கிள், பென்வா, எட்ஜ், ரே மிஸ்டீரியோ, எடி, சாவோ ஆறு பேரை மாற்றி மாற்றி மோதவிட்டார், இன்றைக்கும் ‘ஸ்மாக்டவுன் சிக்ஸ்’ என்று பேசுகிறார்கள். 2003 தொடக்கத்தில் அதிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். 2006ல் இன்னொரு தடவை சண்டை போட்டு வெளியே. 2020 ஆகஸ்டில் ரோமன் ரெய்ன்ஸ் பக்கத்தில் வந்து நின்றாரே, அதுதான் கெட்டிக்காரத்தனம். ரூமில் இடம் இல்லையா, கேமரா முன்னால் போய்விட்டார்.

வின்ஸ் ரூஸோவையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். மெக்மஹனிடம் எழுத்தாளராக இருந்த இந்த இன்னொரு வின்ஸ் 1999 அக்டோபரில் டபிள்யூ.சி.டபிள்யூவுக்குப் போனார், 2000 ஜனவரியில் ஓரம்கட்டப்பட்டார். மூன்று மாதம். ஆனால் அவருக்கு அதிகாரம் நிஜமாகவே கொடுத்திருந்தார்கள், அதனால் பழியும் நிஜம். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே தொடங்கினால் நிற்காது.

பிஷாஃப் இடத்துக்கு வந்தது யார்?

ப்ரூஸ் ப்ரிச்சர்ட். 80களின் கடைசியில் வெள்ளை கோட்டு, செக்கச் செவேலென்ற முகத்தோடு “ஐ லவ் யூ” என்று இழுப்பாரே, ப்ரதர் லவ், அவர்தான். வின்ஸின் புருவம் படிக்கத் தெரிந்த ஆள் என்றால் இவர். ஹேமன் போனதும் ராவும் இவர் கைக்கே வந்தது. வேடிக்கை என்னவென்றால் பிஷாஃபின் பாட்காஸ்டை நடத்துகிற கான்ராட் தாம்ப்சன்தான் ப்ரிச்சர்டின் பாட்காஸ்டையும் நடத்தியவர். போனவரும் வந்தவரும் ஒரே மைக்குக்கு முன்னால்.

பிஷாஃபுக்கு இப்போது கோபம் இல்லையா?

பேச்சில் தெரியவில்லை. அந்த நான்கு மாதத்தைப் பற்றி அவர் பாட்காஸ்டில் பேசும்போது குறையில் ஒரு பங்கைத் தன் பேரிலும் போட்டுக்கொள்கிறார். 2020 ஆகஸ்டில் ஏ.இ.டபிள்யூ என்கிற போட்டிக் கம்பெனியில் ஜெரிக்கோவும் ஆரஞ்ச் காசிடியும் மோதிய விவாத மேடைக்கு நடுவராக வந்துவிட்டுப் போனார். 2021ல் டபிள்யூ.டபிள்யூ.இ அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது. வேலையில் வைத்திருக்க முடியாதவரைச் சுவரில் படமாக மாட்டிவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. சின்ன வயதில் அவரைக் குப்பை லாரியில் போட்டு அனுப்பினதைப் பார்த்து அழுதேன். அது நிஜமா?

அழுதீர்களா! நான் விசில் அடித்தேன். ரிங்குக்குள்ளேயே நீதிமன்றம் மாதிரி விசாரணை, வின்ஸ்தான் நீதிபதி. இரவு முழுக்க அதே பேச்சு. கடைசியில் வேலைநீக்கம், குப்பை லாரி, அரங்கமே எழுந்து நின்று ஆரவாரம். லாரி நிஜம், வேலைநீக்கம் கதை. 2019ல் நிஜ வேலைநீக்கம் வந்தபோது லாரியும் இல்லை, கேமராவும் இல்லை, ப்ரிச்சர்ட் வருகிறார் என்று ஒரு குட்டி அறிக்கை மட்டும். லாரி எபிசோட் 2005 டிசம்பர் 5 தேதியிட்ட ரா. தேடினால் கிடைக்கும், கடைசிப் பத்து நிமிடம் பார்த்தால் போதும்.