பேருந்து கேட்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

வேலூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் நகரப் பேருந்து பற்றியவையே மிகுதி. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பாகாயம் வாசகி: மாலை ஆறரை மணிக்கு மேல் காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து பாகாயத்துக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்து எப்போது வரும் என்று சொல்லவே முடிவதில்லை. முந்நூறு பேர் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் மனு கொடுத்தோம். 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு தாள் வந்ததோடு சரி. அடுத்து என்ன செய்வது?

நீங்கள் இணைத்திருந்த மனுவின் நகலைப் படித்தேன். "போதிய பேருந்து வசதி இல்லை, ஆவன செய்ய வேண்டும்" என்று ஒரு வாக்கியம். அதன் பின்னே பக்கம் பக்கமாகக் கையெழுத்து. இதைப் பெறுகிற அதிகாரி, அந்தத் தடத்தில் நாள்தோறும் இத்தனை நடைகள் இயக்கப்படுகின்றன என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கோப்பை முடித்துவிடலாம். அவர் எழுதுவது பொய்யாகவும் இராது. பாலாற்றைக் கடந்து, புதிய பேருந்து நிலையம், சி.எம்.சி. மருத்துவமனை வழியாகப் பாகாயம் செல்லும் இந்தத் தடத்தில் பேருந்துகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் குறை எண்ணிக்கையைப் பற்றியதே அன்று, இடைவெளியைப் பற்றியது. மனுவில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் ஒரு மாலை நானும் காட்பாடி நிலைய வாசலில் நின்று பார்த்தேன். 6.32க்கு ஒரு பேருந்து. அதை ஒட்டினாற்போல் 6.34க்கு மற்றொன்று; பிறகு 7.11 வரை ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு ரயில் வந்து நின்றது. எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையணையும் பிளாஸ்டிக் வாளியுமாக இறங்கிய வடமாநிலக் குடும்பங்கள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, ஷேர் ஆட்டோக்காரர் கேட்ட தொகைக்கு ஏறிப் போயின. முன்னால் செல்லும் பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டத்தை ஏற்றி ஏற்றித் தாமதமாகிறது. பின்னால் வருவதற்கு ஏற்ற ஆள் இல்லாததால் அது விரைந்து வந்து முன்னதோடு ஒட்டிக்கொள்கிறது. வழியிலுள்ள கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. இதற்குப் புதிய பேருந்து வேண்டியதில்லை. புறப்படும் நேரத்தைப் பிரித்து வைத்து, அந்த நேரத்தில் புறப்படுகிறதா என்று பார்க்க நிலைய வாசலில் ஓர் ஆள் இருந்தால் போதும்.

ஆகவே மறுபடியும் கையெழுத்துக்கு அலையாமல், ஐந்து பேர் சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எழுதுங்கள். வந்த நேரம், தட எண், நின்றதா, நிற்காமல் போனதா, ஏற முடியாமல் கீழே நின்றவர் எத்தனை பேர் என்பவை போதும். இவற்றில் கடைசி எண்ணிக்கைதான் முக்கியமானது. பேருந்தில் ஏறியவர்களின் கணக்கு டிக்கெட் இயந்திரத்தில் இருக்கிறது. ஏறாதவர்களின் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை. அதைக் கொடுக்க உங்களால் மட்டுமே முடியும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எந்த நேரத்தில் எந்த இடைவெளி, அதை நிரப்ப எந்த நடையின் நேரத்தை மாற்றலாம் என்பதை மட்டும் கேளுங்கள். அதைத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தைச் சேர்ந்த வேலூர் மண்டலப் பொது மேலாளருக்கும், அந்தப் பேருந்துகளை இயக்கும் பணிமனையின் கிளை மேலாளருக்கும் நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பலர் மாநகராட்சி ஆணையருக்கு எழுதுகிறார்கள். மாநகராட்சியிடம் பேருந்து கிடையாது. (1997இல் பெயர் மாறுவதற்கு முன் நம் ஊர்ப் பேருந்துகள் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் ஓடியதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள், யாருக்கு எழுதுவது என்பதில் இவ்வளவு குழப்பம் அன்று இல்லை என்பார்கள்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணத்தில் செல்லும் பெண்களுக்கும் நடத்துநர் டிக்கெட் தருவார். கூட்டத்தில் அது கைக்கு வராவிட்டால், இலவசம்தானே என்று விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள். அரசு கழகத்துக்கு ஈடுசெய்யும் தொகையும், அந்த நடையில் எத்தனை பேர் சென்றார்கள் என்ற பதிவும் அந்தச் சீட்டைச் சார்ந்தவை. நீங்கள் சீட்டு வாங்காமல் இறங்கினால், கணக்கில் அந்த இருக்கை காலியாகவே வந்தது.

சத்துவாச்சாரி வாசகர்: இரவு கடைசி நடை அடிக்கடி ரத்தாகிறது. ஏன் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். கேள்விகளுக்கு விளக்கம் அளிக்க இயலாது என்று பதில் வந்தது. இது சரியா?

எரிச்சலூட்டினாலும் பதில் சட்டப்படி சரியே. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்தில் பதிவாக இருக்கும் தகவலைத்தான் தரச் சொல்கிறது. காரணம் சொல்லச் சொல்லவில்லை. ஆகவே 'ஏன்' என்பதை விட்டுவிடுங்கள். குறிப்பிட்ட தட எண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட நடைகளின் கால அட்டவணையையும், கடந்த மூன்று மாதங்களில் இயக்கப்பட்ட நடைகள், ரத்தான நடைகள் ஆகியவற்றின் தேதிவாரியான பதிவேட்டு நகலையும் கேளுங்கள். ரத்துக்கான காரணத்தையும் பதிவேட்டில் எழுதியிருந்தால் அதுவும் தானாகவே வந்து சேரும். மனுவில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதில் 30 நாட்களில் வர வேண்டும். வராவிட்டாலும் பாதி பதில் வந்தாலும் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அலுவலகம் மாறிப் போனாலும் கவலை வேண்டாம். 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

ஊசூர் அருகிலுள்ள சிற்றூர் வாசகர்: பிள்ளைகள் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்துபோய்ப் பேருந்து ஏறுகிறார்கள். எங்கள் ஊருக்குள் பெரிய பேருந்து திரும்ப இடமில்லை என்கிறார்கள். மினி பேருந்து கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டிய இடம் போக்குவரத்துக் கழகம் அன்று. மினி பேருந்துகள் தனியாருடையவை. அவற்றுக்கு அனுமதி வழங்கும் வட்டாரப் போக்குவரத்து அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டருக்கு மிகாமலும், அதில் குறைந்தது 65 விழுக்காடு இதுவரை பேருந்து செல்லாத சாலையாகவும் இருக்க வேண்டும். உங்கள் ஊரை மட்டும் வைத்துக் கேட்டால் எந்த உரிமையாளரும் முன்வரமாட்டார். அக்கம்பக்கத்தில் பேருந்து இல்லாத இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்து, பள்ளி, சந்தை, அடுக்கம்பாறை மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்து ஆகியவற்றைத் தொடும்படி தடத்தை வரைந்து, ஒவ்வோர் ஊரின் கிராம சபையிலும் தீர்மானம் நிறைவேற்றி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுங்கள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் அரசுப் பேருந்துகளுக்கு உரியது என்பதையும் சபையிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் மனத்தாங்கல் வேண்டாம்.

கொணவட்டம் வாசகர்: எங்கள் நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை. யாரிடம் கேட்பது?

இதற்குத்தான் மாநகராட்சி. உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால் அவர்களின் இசைவும் வேண்டியிருக்கும். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னனில்லாத கோட்டை என்று நம் ஊரைச் சொல்வார்கள். மே மாதத்தில் நிற்பவர்கள் நிழலில்லாத நிறுத்தத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் குடை அமையும் இடத்தை வெள்ளை வண்ணத்தில் குறித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். பேருந்து ஓரிடத்தில் நிற்க, அதற்கு முப்பது அடி தள்ளிக் குடை நிற்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதில் பழக்கடை நன்றாக நடக்கிறது.