தடுப்பூசி விகிதம் ஏறியபோது தீம் பார்க்குகளில் எது மாறியது, எது மாறவில்லை?

கேள்வி: கொரோனா காலத்தில் தடுப்பூசி போட்டோர் விகிதம் உயர உயர, பயணமும் தீம் பார்க்குகளும் எப்படி மாறின? பாதிக்கு மேல் போட்ட பிறகும் ஏன் உடனே பழையபடி இயங்கவில்லை?

பதில்:

முதலில் யாருடைய விகிதம் என்று கேட்க வேண்டும். செய்தியில் வந்தது நாட்டின் சராசரி. பார்க்கைத் திறந்தது அந்த மாவட்டத்தின் விகிதம். ரைடை ஓட வைத்தது ஊழியர்களின் விகிதம். டிக்கெட் வாங்க வைத்தது ஒரு குடும்பத்துக்குள் இருந்த விகிதம். வெளிநாட்டவரை உள்ளே விட்டது அவர் போட்ட ஊசியின் பெயர். இந்த நான்கு விகிதங்களும் ஒரே வேகத்தில் ஏறவில்லை. 2021-ன் குழப்பத்தில் பெரும்பகுதி அதனால் வந்ததுதான்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். ஒப்பிட வசதியாக, இரண்டு பெரிய டிஸ்னி பார்க்குகளும் 'ஆரஞ்சு கவுண்டி' என்ற பெயருள்ள மாவட்டங்களில்தான் இருக்கின்றன. டிஸ்னிலேண்ட் கலிபோர்னியாவில், வால்ட் டிஸ்னி வேர்ல்டு புளோரிடாவில். பெயர் ஒன்றுதான், வழி நேர் எதிர்.

கலிபோர்னியா மாவட்டங்களைத் தொற்றின் அளவைப் பொறுத்து ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என நான்கு நிற அடுக்குகளாகப் பிரித்தது. 2020 அக்டோபர் விதிப்படி, மிகக் குறைந்த தொற்று உள்ள மஞ்சள் அடுக்குக்கு வந்தால்தான் பெரிய பார்க் திறக்கலாம். அதற்கு ஒரு லட்சம் பேரில் நாளொன்றுக்கு ஒரு புதிய தொற்றுக்கும் கீழே வர வேண்டும். நடைமுறையில் அது எட்டாத உயரம். 2021 மார்ச்சில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஏப்ரல் 1 முதல் சிவப்பு அடுக்கில் 15 சதவீதம், ஆரஞ்சு அடுக்கில் 25, மஞ்சளில் 35 சதவீதக் கொள்ளளவில் பார்க்குகளைத் திறக்கலாம் என்றார்கள். கூடவே, மிகவும் பின்தங்கிய பகுதிகளில் 20 லட்சம் தவணை ஊசி போடப்பட்டதும் சிவப்பு அடுக்குக்கான தொற்று வரம்பை 7-லிருந்து 10 ஆகத் தளர்த்தினார்கள். அதே பகுதிகளில் 40 லட்சத்தைத் தொட்டதும் ஆரஞ்சு அடுக்கின் வரம்பும் 4-லிருந்து 6 ஆனது.

இந்த ஏற்பாட்டைப் பாராட்டியே ஆக வேண்டும். பணக்காரப் பகுதியில் மட்டும் ஊசி போட்டுச் சராசரியை உயர்த்திக் காட்ட இதில் வழியில்லை. தோட்டத் தொழிலாளியும் ஓட்டல் ஊழியரும் ஊசி பெற்ற பிறகே மாநிலம் முழுவதுக்கும் கதவு கொஞ்சம் அகலத் திறந்தது. டிஸ்னிலேண்டின் வாகன நிறுத்துமிடமும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் மேஜிக் மவுண்டன் என்ற இன்னொரு தீம் பார்க்கும் அந்த ஜனவரியில் பெரிய தடுப்பூசி முகாம்களாக மாறியிருந்தன. டிஸ்னிலேண்ட் 2021 ஏப்ரல் 30 அன்று 25 சதவீதத்தில், கலிபோர்னியாவாசிகளுக்கு மட்டும் திறந்தது. ஜூன் 15-ல் மாநிலம் அடுக்கு முறையையே கைவிட்டது. வெளிமாநிலத்தவரும் அன்றிலிருந்து வரலாம் என்றானது.

புளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு 2020 ஜூலை 11 அன்றே திறந்துவிட்டது. ஊசி வருவதற்கு ஐந்து மாதம் முன்பு! அங்கே தடுப்பூசி பார்க்கைத் திறக்கவில்லை, திறந்திருந்த பார்க்கின் உள்விதிகளைத்தான் மாற்றியது. உள்ளூர் மாவட்ட நிர்வாகம், 16 வயதுக்கு மேற்பட்டோரில் 50 சதவீதம், பிறகு 70 சதவீதம் ஊசி போட்டதும் கட்டுப்பாடுகளைப் படிப்படியாக விலக்கத் திட்டம் போட்டது. 2021 மே 3 அன்று ஆளுநர் டிசான்டிஸ் உள்ளூர் உத்தரவுகளை நிறுத்தினார். வாடிக்கையாளரிடம் தடுப்பூசிச் சான்று கேட்கவும் கூடாது என்று சட்டமானது. ஆக, ஊசி போட்டவர் யார், போடாதவர் யார் என்று நுழைவாயிலில் பிரிக்கும் கருவியே பார்க்குகளிடம் இல்லை. ஜூன் 15 முதல் 'ஊசி போட்டவர் மாஸ்க் அணியத் தேவையில்லை' என்று அறிவித்தபோது, அது வந்தவரின் நேர்மையை நம்பிய விதி. ஒன்றரை மாதத்தில் டெல்டா வந்தது. ஜூலை 30 முதல், ஊசி போட்டவரோ போடாதவரோ, 2 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் உள்ளரங்கில் மீண்டும் மாஸ்க். சரிபார்க்க முடியாத இடத்தில் ஊசியை அடிப்படையாக வைத்த விதி இப்படித்தான் முடியும்.

பிரான்சில் கதை வேறு. ஜூலை 21 முதல் 50 பேருக்கு மேல் கூடும் பொழுதுபோக்கு இடங்களில் சுகாதாரச் சான்று கட்டாயம் என்றார்கள். டிஸ்னிலேண்ட் பாரிஸ் வாசலில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தது. ஊசி, நெகடிவ் பரிசோதனை, அண்மையில் தொற்றிலிருந்து மீண்டதற்கான சான்று, மூன்றில் ஒன்று போதும். ஆரம்பத்தில் பெரியவர்களுக்கு மட்டும், செப்டம்பர் 30 முதல் 12–17 வயதினருக்கும். ஷாங்காய் டிஸ்னிலேண்டில் இன்னொரு விதம். சீனாவில் 100 கோடிப் பேருக்கு மேல் இரண்டு தவணையும் போட்ட பிறகு, 2021 அக்டோபர் 31 அன்று, முந்தைய நாள் வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும், பூங்காவின் கதவை மூடி 30,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்த பிறகே வெளியே விட்டார்கள். அரசு ஊசியை விட்டுத் தொற்றை மட்டும் எண்ணினால், ஊசி விகிதம் எவ்வளவு உயர்ந்தாலும் பார்க்கின் அன்றாடத்தில் பெரிய மாற்றம் வராது.

இனி ரைடு இயக்கம். வெளியிலிருந்து பார்ப்பவர் அதிகம் தவறவிடும் இடம் இதுதான்.

பார்க்கின் கொள்ளளவு என்றதும் வாசலில் எத்தனை பேரை விடுகிறார்கள் என்றே நினைக்கிறோம். உள்ளே இருப்பவரின் அனுபவத்தை முடிவு செய்வது, ஒவ்வொரு ரைடும் மணிக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது என்பது. ஒரு ரோலர் கோஸ்டர் ரயிலில் 12 வரிசை, வரிசைக்கு 2 இருக்கை, மொத்தம் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்பினால் மணிக்கு 1,440 பேர். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை காலி என்றால் 720. தனியாக வந்தவர் பக்கத்தில் அந்நியரை உட்கார வைக்க முடியாததால், மீதமுள்ள 12 இருக்கையிலும் ஒன்றிரண்டு வீண். துடைத்துச் சுத்தம் செய்ய மணிக்கு 10 நிமிடம் நிறுத்தினால் அதற்கும் ஆறில் ஒரு பங்கு போச்சு. முடிவில் 500, 550 பேர்தான்.

வாசலில் 35 சதவீதம் விடும்வரை இது தாங்கும். ஊசி விகிதம் ஏறியதும் வாசலை 60 சதவீதத்துக்குத் திறந்து, ரைடை மட்டும் 40 சதவீதத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? 40 நிமிடக் காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அதனால் தளர்த்துவதற்கு ஒரு வரிசைமுறை வேண்டும். முதலில் இருக்கைகளை நிரப்ப வேண்டும், அடுத்து காத்திருப்பு இடைவெளியைக் குறைக்க வேண்டும், அதன் பிறகே வாசல். 2021 மே மாதத்தில் புளோரிடாவின் ஆர்லாண்டோ பார்க்குகள் 6 அடி இடைவெளியை 3 அடியாக்கியதன் பொருள் இதுதான். 300 அடி நீள வரிசைப் பாதையில் ஒரு குடும்பம் 6 அடி எடுக்கும் என்றால், 6 அடி இடைவெளியில் 25 குடும்பம் நிற்கலாம், 3 அடியில் 33, இடைவெளியே இல்லாவிட்டால் 50. மீதிப் பேர் வெயிலில், நடைபாதையில் வளைந்து நிற்பார்கள். அன்றைய படங்களில் தெரிந்த நீண்ட வரிசைகளில் பல கூட்டத்தால் வந்தவை அல்ல, இடைவெளியால் வந்தவை. உடல் வெப்பநிலை பார்ப்பதை டிஸ்னி வேர்ல்டு மே 16-ல் நிறுத்தியது. வாசலில் தேங்கும் நேரம் அதனால் குறைந்தது.

ஊழியர் பக்கம் தடுப்பூசி செய்த உதவியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கு அதுதான் முதன்மையானது. ஒரு ரைடுக்கு ஏற்றுமிடம், இறக்குமிடம், கட்டுப்பாட்டு அறை, வரிசையின் முகப்பு என்று குறைந்தபட்சம் ஆறு பணியிடம் இருந்தால், ஆறு பேரும் அந்த ரைடுக்குப் பயிற்சி முடித்தவர்களாக இருக்க வேண்டும். ஐந்து பேர் இருந்தால் கொஞ்சம் மெதுவாக ஓட்டலாம் என்பதில்லை, திறக்கவே முடியாது. ஓய்வு இடைவேளையைச் சேர்த்தால் ஷிப்டுக்கு எட்டுப் பேர். ஊசிக்கு முன்பு, ஒருவருக்குத் தொற்று வந்தால் கூடச் சாப்பிட்ட நால்வரும் 10 முதல் 14 நாள் தனிமைக்குப் போவார்கள், ரைடு மூடப்படும். 2021 பிப்ரவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, முழுத் தவணையும் போட்டவருக்கு அறிகுறி இல்லாவிட்டால் தனிமை வேண்டாம் என்றது. பணிப் பட்டியல் போடுகிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய விடுதலை.

ஆனால் பட்டியலில் போட ஆளே இல்லாத சிக்கலை ஊசி தீர்க்கவில்லை. டிஸ்னி மட்டும் 2020 செப்டம்பரில் 28,000 பேரை நீக்குவதாக அறிவித்திருந்தது. கோடைகால வேலைக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் பலர் விசா சிக்கல்களால் வரவில்லை. ஓஹையோ மாநிலத்தின் சீடர் பாயிண்ட் பார்க் 2021-ல் மணிக்கு 20 டாலர் சம்பளம் அறிவித்தும், ஜூனில் வாரநாட்கள் சிலவற்றில் மூட வேண்டியிருந்தது. மக்கள் வரத் தயார், விதி தடுக்கவில்லை, ஏற்றி இறக்க ஆள் இல்லை.

தேவை எப்படி ஏறியது? குடும்பக் கணக்கில் பாருங்கள். பெற்றோர் இருவரும் மே மாதத்துக்குள் ஊசி போட்டாயிற்று. 12 வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகளுக்கு ஊசியே இல்லை. பெரியவர்களில் 100 சதவீதம், குடும்பத்தில் 50. இந்த வகைக் குடும்பம்தான் டிஸ்னியின் முதல் வாடிக்கையாளர். 5–11 வயதினருக்கு நவம்பர் 2-ல்தான் பரிந்துரை வந்தது. முதல் தவணைக்குப் பின் 21 நாள், இரண்டாவதற்குப் பின் 14 நாள் என்று கூட்டினால், மறுநாளே போட்ட பிள்ளைக்கும் டிசம்பர் 8. அதற்குள் ஒமைக்ரான் வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் வாரத்தில் விமான ஊழியர்களுக்குத் தொற்று பரவி விமானங்கள் ரத்தாயின. ஊசி போட்ட குடும்பம் டிக்கெட்டோடு விமான நிலையத்தில் தவித்தது.

வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இன்னொரு அளவுகோல். 2021 நவம்பர் 8 முதல், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அல்லது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஊசியை முழுமையாகப் போட்டு 14 நாள் கடந்தவர் விமானத்தில் வரலாம் என்றானது. கூடவே நெகடிவ் பரிசோதனையும் வேண்டும், அதன் காலக்கெடு டிசம்பர் 6 முதல் ஒரு நாளாகச் சுருங்கியது. 18 வயதுக்குட்பட்டோருக்கு ஊசி விலக்கு இருந்தது, ஆனால் 2 வயதுக் குழந்தைக்கும் பரிசோதனை கட்டாயம். சென்னையிலிருந்து கிளம்புகிறவர் கணக்கு இப்படி: கோவிஷீல்டு தவணைகளுக்கிடையே 84 நாள். ஆகஸ்ட் 1-ல் முதல் தவணை என்றால் இரண்டாவது அக்டோபர் 24, அதன்மேல் 14 நாள் சேர்த்தால் நவம்பர் 7. மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் 28 நாளில் இரண்டாவது தவணை கிடைத்தது, சுற்றுலாப் பயணிக்கு அந்தச் சலுகை இல்லை. கோவாக்சின் போட்டவர், உலக சுகாதார நிறுவனம் நவம்பர் 3-ல் ஏற்கும்வரை ஊசி போடாதவராகவே எண்ணப்பட்டிருப்பார். ஸ்புட்னிக் போட்டவருக்கு அந்த வாசலும் திறக்கவில்லை. கோவின் சான்றிதழில் முதலில் வயது மட்டுமே இருந்தது, பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பிறந்த தேதி பின்னர்தான் சேர்ந்தது. ஆதாரில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் கருப்பையா' என்றிருந்தால் செக்-இன் கவுண்டரில் சிக்கல். அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டு எழுதும் நம் வழக்கத்துக்கு இது தனித் தலைவலி, கிளம்பும் முன்பே கோவினில் பாஸ்போர்ட் எண்ணோடு திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

கப்பல் பயணத்தில்தான் ஒரு விகிதம் நேரடியாக விதியானது. ஊழியரில் 98 சதவீதமும் பயணிகளில் 95 சதவீதமும் முழுத் தவணை போட்டிருந்தால், தன்னார்வலர்களை ஏற்றி நடத்தும் சோதனைப் பயணத்தைத் தவிர்க்கலாம் என்று 2021 ஏப்ரலில் சிடிசி சொன்னது. கப்பலில் ஏறுபவர் பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்கிறது, சான்றைச் சரிபார்க்க நேரமும் இருக்கிறது. தீம் பார்க்குக்கு அதுபோன்ற பட்டியல் எப்போதும் இருந்ததில்லை. 2020-ல் கூட்டத்தை மட்டுப்படுத்த டிஸ்னி வேர்ல்டு கொண்டுவந்த, எந்த நாள் எந்தப் பார்க் என்று முன்கூட்டியே பதிய வைக்கும் முறைதான் அதற்கு ஓரளவு நெருங்கி வந்தது. மாஸ்க் விதிகள் போய், 2023 மே மாதத்தில் வெளிநாட்டவருக்கான ஊசிக் கட்டாயமும் போன பிறகும் அந்த முன்பதிவு நீடித்தது. நாள் குறித்த டிக்கெட்டுகளுக்கு அதை விலக்கியது 2024 ஜனவரி 9 அன்றுதான். நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று இன்றே தெரிந்தால் அத்தனைக்குத் தக்க ஆட்களைப் பணிக்கு அழைக்கலாம். ஆள் பற்றாக்குறையில் பார்க் நடத்தியவர்கள் அந்த வசதியை எளிதில் விட மனம் கொள்ளவில்லை.