உத்தரவு எங்கே என்று கேளுங்கள்

கேள்வி: ஊரே தொற்றில் கிடக்கும்போது உரிமை, சுதந்திரம் என்று பேசுவது சுயநலம் இல்லையா? – வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை, தொற்று வந்தவர் தனியே இருக்கத்தான் வேண்டும். ஆனால் பயமுறுத்தினால் ஜனங்கள் நோயை மறைப்பார்கள், மறைத்தால் அது இன்னும் பரவும். கொரோனா சமயத்தில் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்களே, அந்தக் குடும்பத்துக்குப் பால்காரர்கூட வராமல் போன தெருக்கள் நம் பக்கத்திலும் உண்டு. அப்படி ஒட்டச் சொல்லி மத்திய அரசின் வழிகாட்டுதலே கிடையாது. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவு போட்டால் ஒழிய ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிற தொற்றுநோய்ச் சட்டம் 1897-ல் பிளேக் வந்தபோது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. புனேயில் சிப்பாய்களை வீடு புகுந்து சோதனை போட வைத்தார்கள், ஊரே கொதித்தது. அரசுக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுக்கிற அந்தச் சட்டத்தில்கூட ‘தற்காலிக’ விதிமுறைகள், அதுவும் பொது அறிவிப்பு மூலம் என்றுதான் எழுதியிருக்கிறது.

கேள்வி: கொரோனா சமயத்தில் தடுப்பூசி போட்டால்தான் வேலை என்றார்களே, கட்டாயப்படுத்தலாமா? – வாசகர், மன்னார்குடி

பதில்: யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொதுநலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகள் வைக்கலாம், ஆனால் அவை ஆபத்தின் அளவுக்குத் தக்கபடி இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அப்புறம் ஒன்று, ஊசி போட்டுக்கொள்ளுங்கள், நல்லது. உங்கள் உரிமைக்கும் அதற்கும் சண்டை இல்லை.

கேள்வி: 2020 ஏப்ரலில் எங்கள் ஊர்ப் பெண்கள் உளுந்து பிடுங்கப் போனபோது போலீஸ் மறித்து, நடுரோட்டில் தோப்புக்கரணம் போட வைத்தார்கள். நாளைக்கு இன்னொரு நோய் வந்தாலும் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? – வாசகி, பாபநாசம்

பதில்: வேண்டியதில்லை அம்மா. மார்ச் 24 நள்ளிரவில் ஊரடங்கு தொடங்கியது. மார்ச் 27-லேயே வயல் வேலைக்கும் விவசாயக் கூலி ஆட்களுக்கும் நெல் கொள்முதலுக்கும் மத்திய உள்துறை விலக்குக் கொடுத்துவிட்டது. முற்றின உளுந்து காத்திருக்காது, காய் வெடித்து வயலிலேயே கொட்டிவிடும் என்பது நமக்குத் தெரியும், டெல்லிக்கும் அது தெரிந்திருந்தது. ஆக, சட்டப்படி நடந்துகொண்டவர்கள் அந்தப் பெண்கள்தான்.

சரி, விலக்கே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தோப்புக்கரணமும் லத்தி அடியும் எந்தச் சட்டத்திலும் தண்டனை கிடையாது. ஊரடங்கை மீறினதற்குப் போட்ட, இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் அன்றைக்கு அதிகபட்சமே ஆறு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், இல்லையென்றால் இரண்டும். அதையும் நீதிமன்றம்தான் விதிக்க வேண்டும், ரோட்டில் நிற்கிற காவலர் இல்லை. (அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 223-ஆவது பிரிவு, தண்டனையின் அளவும் கூடியிருக்கிறது.) இதைச் சின்ன விஷயம் என்று விட்டால் எங்கே போய் முடியும் என்பதை அதே 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பார்த்தோம். கடையை நேரம் கடந்து திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துப்போன அப்பாவும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. இத்தனைக்கும் ஊரடங்கு மீறல் என்று போட்ட சுமார் பத்து லட்சம் வழக்குகளை, வன்முறை மாதிரியானவை தவிர, கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசே அறிவித்தது.

அடுத்த முறை யாராவது மறித்தால் சண்டை போடாமல், உத்தரவின் எண் என்ன, தேதி என்ன, எதுவரை அமலில் இருக்கும் என்று கேளுங்கள். அபராதம் கட்டினால் ரசீது, வண்டியைப் பிடித்தால் எழுத்தில் ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், வீட்டுக்கும் தகவல் சொல்ல வேண்டும். அவமானப்படுத்தினால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் எழுதுங்கள். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய் மனு கொடுத்தால் போதும்.