உப்புவெளி முதல் நிலாவெளி வரை கரையால் நடக்க

கேள்வி: ஆகஸ்டில் அறுபது தாண்டிய அம்மா, அப்பாவுடன் திருகோணமலை வருகிறோம். வழிகாட்டி ஒருவரோடு உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரையால் நடக்க ஆசை. பத்துக் கிலோமீற்றர்தானே, ஒரே நாளில் முடியுமா? என்ன சப்பாத்து நல்லது?

பதில்: முடியும், ஆனால் வேண்டாம். உதிரி மணலில் ஒவ்வோர் அடிக்கும் குதிக்கால் புதையும். அதைத் தூக்கியெடுப்பது கெண்டைக்காலின் வேலை. அலை நனைத்த ஈரமணலில் கால் புதையாதுதான். ஆனால் அது கடல் பக்கம் சரிந்து கிடக்கும். வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம், ஆகவே வலதுகால் எந்நேரமும் பள்ளத்தில். ஒரு மணித்தியாலத்தில் இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. முதல் நாள் உப்புவெளியிலிருந்து வடக்கே நடங்கள். மறுநாள் ஓட்டோவில் நிலாவெளிக்குப் போய், அங்கிருந்து தெற்கே திரும்பி நடங்கள். பாரம் மற்றக் காலுக்கு மாறும். ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீற்றர் போதும். மணலில் அதற்கே இரண்டு மணித்தியாலம் எடுக்கும்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கி, ஒன்பதுக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஆகஸ்டில் கடல் அமைதிதான், கச்சான் காற்றுதான் வில்லன். தரைப்பக்கமிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும், உடம்பு தண்ணீர் இழப்பது தெரியாது. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தாகம் வருமுன்பே மிடறு மிடறாக. முடித்ததும் உப்புப் போட்ட மோர். பெற்றோர் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களென்றால் வெளிக்கிடுமுன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

துணிச் சப்பாத்து வேண்டாம். மணல் புகுந்து அரைத்துக் கொப்புளமாக்கும். குதிக்காலில் பட்டியுள்ள சாண்டில்ஸ் நல்லது. ஈரமணலில் வெறுங்காலும் சரியே. மேட்டுப்பக்கம் ஏறினால் மட்டும், அடம்பங்கொடிக்கு இடையில் இராவணன் மீசை என்ற முட்புல் கிடக்கும், குத்தும்.

உப்புவெளிக் கரை வடக்கே ஒரு கழிமுகத்தில் முடிகிறது. அக்கரையில் பாறைகளோடு சல்லி முத்துமாரியம்மன் கோயில், கூப்பிடு தூரம்தான். வீதியால் சுற்றினால் நாலு கிலோமீற்றர். இறங்கிக் கடக்க நினைக்காதீர்கள்: மண்மேடு வருடத்துக்கு வருடம் இடம் மாறும், போன முறை முழங்காலளவாக இருந்தது இம்முறை கழுத்தளவாகலாம். வள்ளத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாரா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். ஆள் தரமானவரா என்று பார்க்க இந்த ஒரு கேள்வியே போதும். கரைக்கு இறங்கும் எந்தெந்த ஒழுங்கையில் ஓட்டோ நிற்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். களைத்தவர் அங்கேயே ஏறிக்கொள்ளலாம்.

காலையில் கரைவலை இழுப்பார்கள். மணலில் தொய்ந்து கிடக்கும் கயிறு, இழுவை தொடங்கியதும் சட்டென்று முழங்காலுயரம் எழும்பும். தாண்டாதீர்கள், இழுப்பவர்களுக்குப் பின்னால், மேட்டுப்பக்கத்தால் சுற்றிப் போங்கள்.

மூன்றாம் நாளைப் புறாமலைத் தீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிலாவெளியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், 2003 முதல் தேசியப் பூங்கா. நுழைவுச்சீட்டு வேறு, படகுக்கூலி வேறு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் அதிகம். காலையிலேயே போனால் கூட்டம் குறைவு. அங்கே இறங்கும்போது சாண்டில்ஸைக் கழற்றாதீர்கள். கரையில் பாதி மணல், பாதி உடைந்த பவளத் துண்டு.